குரல் இறங்கிய பிறகு மேடை ஏறுபவரை ரிக்கெற் எடுத்துப் பார்க்கலாமா?

சுன்னாகத்தான் | ஞாயிறு, காலை 6.50

நேற்றிரவு யாழ்ப்பாணத்தில் ஒரு திறந்தவெளி இசை நிகழ்ச்சிக்குப் போய் வந்தேன். பாடியவர் எழுபதைத் தாண்டிய சினிமாப் பின்னணிப் பாடகர். பெயர் வேண்டாம், போனவர்களுக்குத் தெரியும். ஆளைத் திட்டுவதற்காக இந்த இழையைத் தொடங்கவில்லை. எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது.

ரிக்கெற் 5000 ரூபாய். எனக்கும் அக்காவின் மகனுக்குமாகப் பத்தாயிரம். ஆறரைக்கு என்று போட்டிருந்தார்கள், எட்டு இருபதுக்குத்தான் மேடையில் வெளிச்சம் வந்தது. அதுவரை ஒரே விளம்பரத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுச் சாகடித்தார்கள். அதை விடுங்கள், எங்கள் ஊருக்கு அது புதிதல்ல.

முதல் பாட்டின் பல்லவியைப் பாடினார். சரணத்தில் மேலே போகிற இடம் வந்ததும் மைக்கைச் சனத்தின் பக்கம் நீட்டினார். சனமும் பாடியது. சரி, அன்பு என்று எடுத்துக்கொண்டேன். இரண்டாம் பாட்டிலும் அதே மாதிரி இடம், அதே நீட்டல். மூன்றாம் பாட்டில் முக்கால்வாசியை இரண்டு இளம் பிள்ளைகள் பாடினார்கள், அவர் பக்கத்தில் நின்று தாளம் போட்டார். நாலாம் பாட்டில்தான் விஷயம். பாதியில் அவருக்கு இருமல் வந்தது. மைக்கை இறக்கி, கைலேஞ்சியால் வாயைப் பொத்தி இருமினார். குரல் மட்டும் நிற்காமல் பாடிக்கொண்டே இருந்தது.

பக்கத்தில் இருந்த ஐயா கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்ததால் இதைக் காணவில்லை. மருமகன் கண்டுவிட்டான். "மாமா, அப்ப யூரியூப்பிலேயே பாத்திருக்கலாம்" என்றான். அவனுக்குப் பதினாறு வயது. அந்தக் குரலைப் பற்றி இரண்டு கிழமையாகக் கதை சொல்லித்தான் கூட்டிப் போயிருந்தேன். வெட்கமாகப் போய்விட்டது. பத்து மணியோடு எழும்பி வந்துவிட்டோம்.

உச்சத்தைத் தாண்டியவர்களை நேரில் போய்ப் பார்ப்பதா, அல்லது கசெற்றில் இருக்கிற குரலோடு அவர்களை விட்டுவிடுவதா? நீங்கள் என்ன செய்வீர்கள்?

கச்சான்கொட்டை | ஞாயிறு, காலை 7.15

நான் நல்லூர்த் திருவிழாவுக்குப் போவேன். இருபத்தைந்து நாளும் மேளம், ரிக்கெற் இல்லை. உங்கள் பத்தாயிரத்துக்குக் கச்சான் வாங்கினால் அடுத்த வருஷத் தேர் வரைக்கும் கொறிக்கலாம்.

வலந்தலை | ஞாயிறு, காலை 9.30

கச்சான் தம்பி பகிடியாகச் சொன்னாலும் அதிலே விஷயம் இருக்கிறது. நான் தவில்காரன். அப்பா நாதஸ்வரம். எங்கள் வீட்டில் இந்தக் கேள்வி தினமும் சாப்பாட்டு மேசைக்கு வருகிறது.

அப்பாவுக்கு அறுபத்தாறு வயதில் முன்பல் இரண்டு விழுந்தன. பாடகருக்குத் தொண்டை என்றால் நாதஸ்வரக்காரருக்குப் பல். சீவாளியை, அதாவது ஊதுகிற நாணல் துண்டை, உதடு பிடிக்கிறது, அந்த உதட்டைப் பல் தாங்குகிறது. கட்டுப்பல் போட்டார். ஊதும்போது அது அசைந்தது. ஒரு திருவிழாவில் சுவாமி வெளிவீதிக்கு வருகிற நேரம், கம்பீரநாட்டையில் மல்லாரி, மேல் ஷட்ஜத்தில் சீவாளி பீறிட்டது. சனம் ஒன்றும் சொல்லவில்லை. நான் அப்பாவைப் பார்க்கவில்லை, அப்பாவும் என்னைப் பார்க்கவில்லை.

அதன் பிறகு அவர் செய்த வேலையைப் பாருங்கள். மல்லாரியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டார். வீதியில் நடந்தபடி வாசிப்பதில்லை. இரவுப் பூசை முடிந்து, சனம் பாதி கலைந்த பிறகு, வசந்த மண்டபத்துக்கு முன்னால் இருந்து ஒரே ஒரு ராகம் வாசிப்பார். பெரும்பாலும் தோடி, சில நாள் நீலாம்பரி. முன்பென்றால் ஒரு மூச்சில் நீண்ட பிடி ஒன்று பிடிப்பார், எனக்குத் தவிலில் ஒரு சொல் வைக்க இடம் தரமாட்டார். இப்போது மூச்சு எட்டவில்லை. நாலு ஸ்வரம், பிறகு ஒரு இடைவெளி, பிறகு இரண்டு ஸ்வரம். அந்த இடைவெளியில் நான் தவிலின் இடப் பக்கமான தொப்பியில் மெல்ல ஒரு தட்டு வைக்கிறேன். முப்பது வருஷம் அவரோடு வாசித்து, இப்போதுதான் அவர் என்னைப் பேச விடுகிறார்.

இன்னொன்று. தவிலில் யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியை யாராலும் மிஞ்ச முடியாது என்று எங்கள் பக்கத்தில் சொல்லாத வீடு இல்லை. நானும் சொல்லுவேன். அவர் 1975இல் போய்விட்டார், நாற்பதைத் தாண்டிய வயதிலேயே. அவருடைய விரல் நடுங்கி யாரும் பார்க்கவில்லை. உயிரோடு இருந்து கிழவரானவர்களை அவரோடு ஒப்பிடுவது நியாயமா?

சுன்னாகத்தான் | ஞாயிறு, காலை 10.05

அண்ணை, உங்கள் அப்பா செய்தது நேர்மையான வேலை. அவர் மல்லாரியை ரேப்பில் போட்டுவிட்டு வாயை அசைக்கவில்லையே. எனக்கு வயதோடு கோபமில்லை.

கச்சான்கொட்டை | ஞாயிறு, காலை 10.20

எஸ்.பி.பி. எழுபதைத் தாண்டியும் மேடையில் பாடினாரே? அவருக்கு மட்டும் எப்படி முடிந்தது?

ஐந்தரைக்கட்டை | ஞாயிறு, பகல் 12.40

எல்லாருக்கும் அந்தத் தொண்டை வாய்க்காது தம்பி. நான் பாடசாலையில் சங்கீதம் படிப்பிக்கிறேன், இந்த வருஷம் ஓய்வு. என் பெயரைப் பாருங்கள். ராமநாதன் நுண்கலைக் கழகத்தில் படித்த காலத்தில் ஐந்தரைக் கட்டையில் பாடினேன். கட்டை என்பது சுருதியின் உயரத்துக்கு நாங்கள் சொல்லும் அளவு. இன்றைக்கு நாலரை. அதிலும் மேல் பஞ்சமத்தைத் தொட்டால் அடுத்த நாள் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக் காட்ட வேண்டியிருக்கும்.

பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு குரல்நாண் தடிக்கும், குரல் இறங்கும். ஆண்களுக்கு மறுவளம். முதுமையில் குரல்நாண் மெலிந்து, குரல் காற்றோடு கலந்து மெல்லியதாகும். நெஞ்சுக்கூடு இறுகுவதால் மூச்சும் குறையும். நிறுத்திப் பிடித்த ஸ்வரம் ஆடத் தொடங்கும். பயிற்சியால் இதைத் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான்.

ஆனால் கர்நாடக சங்கீதக்காரருக்கு ஒரு வசதி இருக்கிறது. சுருதி அவருடைய கையில். இன்றைக்கு அரைக் கட்டை இறக்கிப் பாடினால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். மேலே சஞ்சாரம் செய்ய முடியாவிட்டால் மத்திமத்தைச் சுற்றி அரை மணி நேரம் நின்று பாடலாம். செம்மங்குடி தொண்ணூறு வயதிலும் பாடினார். செம்பை வைத்தியநாத பாகவதர் 1974இல் ஒரு கோயிலில் கச்சேரி செய்த அன்றே காலமானார். அவர்களிடம் யாரும் இருபத்தைந்து வயதுக் குரலைக் கேட்கவில்லை.

சினிமாப் பாடகருக்கு அந்த வசதி இல்லை. அவருக்கு எதிரி அவருடைய சொந்த ஒலிப்பதிவு. மூன்று நிமிஷம், ஒரே சுருதி, ஒரே சங்கதி, நாற்பது வருஷமாகச் சனத்தின் காதில் கிடக்கிறது. ஒரு சங்கதியை மாற்றினாலே "பிழையாகப் பாடிவிட்டார்" என்பார்கள். எஸ். ஜானகி இதை உணர்ந்தவர் என்று நினைக்கிறேன். 2017இல் மைசூரில் பாடிவிட்டு, இனி மேடை இல்லை என்று நிறுத்திக்கொண்டார். எண்பதை நெருங்கிய வயது. நிறுத்துவதற்கும் ஒரு கணக்கு வேண்டும்.

மட்டுறுத்துநர் | ஞாயிறு, பிற்பகல் 1.00

சுன்னாகத்தான் பார்த்த பாடகர் யார் என்று ஊகிக்கும் மூன்று பதிவுகள் நீக்கப்பட்டுள்ளன. மூன்றிலும் மூன்று வெவ்வேறு பெயர்கள்.

ஈஸ்ற்ஹாம்காரி | ஞாயிறு, பிற்பகல் 4.25

லண்டனில் இருந்து எழுதுகிறேன், பிறந்தது கொக்குவில். இங்கே கிழக்கு லண்டனில் ABBA என்ற சுவீடன் பொப்பிசைக் குழுவுக்கு என்றே ஒரு அரங்கம் கட்டி, 2022இல் இருந்து நிகழ்ச்சி நடக்கிறது. மேடையில் நிற்பது அவர்கள் இல்லை. அந்த நாலு பேரும் உடம்பில் உணரிகள் பூட்டிய உடுப்போடு பாடி ஆடிய அசைவுகளைப் பதிந்து, 1979இல் இருந்த முகத்தை அதற்குப் பூட்டியிருக்கிறார்கள். குரல் பழைய பதிவு. வாத்தியக்காரர் மட்டும் உண்மையான ஆக்கள். மகள் பிறந்தநாளுக்கென்று கூட்டிப் போனாள். "உதென்ன படம் பார்க்கவா" என்று புறுபுறுத்தபடி போய், மூன்றாம் பாட்டில் அழுதேன். அடுத்த நாள் எழும்பியபோது, ஒரு வெளிச்சத்தைப் பார்த்து அழுதேனே என்று கூச்சமாக இருந்தது. ஆனால் அழுதது அழுததுதான்.

அங்கே ஒளிப்பு மறைப்பு இல்லை. இது உருவம் என்று சொல்லித்தான் ரிக்கெற் விற்கிறார்கள். சுன்னாகத்துத் தம்பிக்கு அதைச் சொல்லாமல் விற்றதுதான் பிரச்சினை.

மறுபக்கத்தில் கனடாப் பாடகர் லெனார்ட் கோஹன். சேமிப்பெல்லாம் பறிபோய், 73 வயதில், 2008இல் திரும்ப மேடை ஏறினார். இவர் ஒருநாளும் பெரிய குரல்காரர் இல்லை. வயதாக ஆகக் குரல் கிணற்றுக்குள் இறங்கிவிட்டது. அந்தக் கிணற்றுக் குரலிலேயே மூன்று மணி நேரம் பாடினார். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் அதைப் பார்த்துவிட்டு வந்து ஒரு மாதம் அதையே பேசினார்.

கச்சான்கொட்டை | ஞாயிறு, மாலை 5.10

அப்படிப் பார்த்தால் எங்கள் பொப்பிசைக்காரர்தான் தப்பியவர்கள். உரும்பிராயில் இருந்து போன நித்தி கனகரத்தினம் பாடியவை எல்லாம் கலியாண வீட்டில் பெரியப்பாவும் பாடக்கூடிய பாட்டுகள். அவற்றுக்கு நல்ல வாயும் கைதட்டுமே போதும். குரல் இறங்கினால் பகிடி இன்னும் கூடும்.

மிக்சர்காரன் | ஞாயிறு, இரவு 9.45

எழுதுவதா வேண்டாமா என்று பகல் முழுக்க யோசித்தேன். நான் ஒலியமைப்பு வேலை செய்பவன். சுன்னாகத்தான் சொல்லும் அந்த மேடையில் நான் இருந்தேன். ஏற்பாட்டாளர் பெயர், பாடகர் பெயர் எதுவும் கேட்காதீர்கள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒத்திகை. அவர் வந்து கதிரையில் இருந்து, முதல் பாட்டை மெல்ல முணுமுணுத்துப் பார்த்துவிட்டு, கீபோட்காரரிடம் "ஒன்றரை இறக்குங்கோ தம்பி" என்றார். கீபோட்டில் அது ஒரு பொத்தான். கிற்றார்காரர் சமாளிப்பார், புல்லாங்குழல்காரர் பையில் இருந்து வேறு குழல் எடுப்பார். நாங்கள் சரி என்றோம். ஏற்பாட்டாளர் பக்கத்து ஆள் ஒருவர் வந்து, வேண்டாம், சனத்துக்குக் கசெற்றில் கேட்ட மாதிரியே வேணும் என்றார்.

இப்போது ஒரு தொழில் விஷயம். மேலே போகிற இடங்களில் தாங்குவதற்கென்று பழைய குரல்பதிவை மெல்லியதாக அடியில் ஓட விடுவார்கள். அது ஓட வேண்டும் என்றால் மேடையில் எல்லாரும் பழைய சுருதியிலேயே நிற்க வேண்டும். பதிவைக் கணினியில் இறக்கலாம், ஆனால் ஒன்றரைக் கட்டை இறக்கினால் அது ஆள் குரல் மாதிரி இருக்காது. அதனால், தாங்குகிறோம் என்று வைத்த முட்டுத்தான் அவரைத் தன் குரலில் பாட விடாமல் செய்தது. இருமல் வந்த இடத்தில் பதிவின் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தது நான்தான். கூட்டச் சொன்னார்கள், கூட்டினேன். அவர் இருமி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை நல்லாயில்லை.

வயதானவர்களுக்குக் காதும் பிந்தும். மேடையில் முன்னால் வைக்கிற மொனிற்றரில் மெல்லிய சத்தங்கள் அவர்களுக்கு எடுபடாது. வெளியில் காற்று வேறு. சுருதி விலகியது என்று நீங்கள் சொல்லுகிற பாதி நேரம், அவருக்குச் சுருதியே கேட்டிருக்காது.

சுன்னாகத்தான் | ஞாயிறு, இரவு 10.00

இதை வாசித்து ஒரு நிமிஷம் சும்மா இருந்தேன். நன்றி தம்பி. அப்படியென்றால் மருமகனுக்கு நான் சொன்ன பதில் பிழை. "வயசு போட்டுது, விடு" என்று சொன்னேன்.

பூவரசம்வேலி | திங்கள், காலை 5.30

நானும் அங்கே போனேன், கடைசி வரிசை. நீங்கள் பத்து மணிக்கு எழும்பிப் போனது பிழை.

அதற்கு முதல் ஒன்று சொல்ல வேண்டும். 1990இல் போரால் எங்களுக்கு மின்சாரம் நின்றது. பற்றரிக்கும் தடை. சின்னண்ணன் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் இருந்து கசெற் பிளேயருக்கு வயர் இழுப்பார். ஒருவர் கையால் பெடலைச் சுற்ற வேண்டும், மற்றவர்கள் கேட்கலாம். முறை வைத்துச் சுற்றுவோம். கை உளைந்து சுற்று மெதுவானால் ரேப்பும் மெதுவாகும். பாட்டு இழுபடும், குரல் இறங்கும். பெண் குரல் ஆண் குரலாகும், ஆண் குரல் பூதமாகும். "சுத்தடா" என்று கத்துவோம், குரல் மேலே ஏறும். அந்தப் பாட்டுகளின் உண்மையான சுருதி எது என்று எங்களுக்குப் பல வருஷம் தெரியாது. 1995 இடம்பெயர்வில் பிளேயரும் போய்விட்டது, கசெற்றுகளும் போய்விட்டன.

இவர்களெல்லாம் உச்சத்தில் இருந்த காலத்தில் இங்கே வரப் பாதை இருந்ததா? யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்ப வந்ததே 2014இல். பலாலியில் இந்திய விமானம் இறங்கியது 2019இல். பிந்தி வந்தது அவர்கள் மட்டுமில்லை, எங்களுக்கு எல்லாமே பிந்தித்தான் வந்தது. சென்னைக்காரர் "உச்சத்தில் பார்த்தேன், இப்போது பார்க்க மாட்டேன்" என்று சொல்லலாம். நான் எதோடு ஒப்பிடுவது?

சரி, பத்து மணிக்குப் பிறகு நடந்தது. ஆட்டக்காரர் எல்லாம் உள்ளே போனார்கள். இவர் ஒரு கதிரை கேட்டு இருந்தார். பக்கத்தில் தபேலாவும் கீபோட்டும் மட்டும். ஒரு பழைய தாலாட்டுப் பாட்டு. பாட்டு அல்ல, பேச்சு மாதிரித்தான் பாடினார். குரல் நன்றாக இறங்கியிருந்தது. எனக்கு உடனே சின்னண்ணனின் கை உளைந்த நேரம் ஞாபகம் வந்தது. அதே இறக்கம், அதே இழுவை. சின்னண்ணன் இப்போது இல்லை.

மிக்சர்காரன் | திங்கள், காலை 6.10

அக்கா சொன்ன பாட்டு நிரலில் இல்லை. அதற்குப் பதிவும் இல்லை. அவரே கீபோட்காரரைப் பார்த்து மூன்று விரலைக் காட்டி, கையைக் கீழே இறக்கினார். மூன்று அரைச் சுரம், அவர் முதல் நாள் கேட்ட அதே ஒன்றரை. என்னுடைய பக்கத்தில் எல்லாச் சத்தத்தையும் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, அவருடைய மைக்கை மட்டும் திறந்து வைத்தேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை.

ஐந்தரைக்கட்டை | திங்கள், காலை 6.40

ஆறு ஸ்வரத்துக்குள் அடங்கிவிடும் பாட்டுத்தான் தாலாட்டு. பெரியவர் கணக்குத் தெரிந்தவர்.

சுன்னாகத்தான் | திங்கள், காலை 7.30

அந்த நேரம் நான் மோட்டார் சைக்கிளை எடுக்க வாகனம் நிறுத்துகிற இடத்தில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். ஏதோ பாட்டு கேட்டது, விளம்பரம் என்று நினைத்தேன்.

ஆனால் பூவரசம்வேலி அக்கா, ஒன்றை ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்களுக்குப் பிந்தி வந்தது என்பதற்காக வந்ததை எல்லாம் வாங்க வேண்டும் என்று இல்லை. அந்தத் தாலாட்டு மாதிரிப் பத்துப் பாட்டை, வீரசிங்கம் மண்டபத்தில், மின்விசிறிச் சத்தத்தோடு பாடியிருந்தால் நான் பத்தாயிரத்துக்கும் ரிக்கெற் எடுத்திருப்பேன். எங்களைக் கசெற் கேட்க வந்த சனம் என்று நினைத்து விற்கிறார்களே, அதுதான் கோபம்.

பூவரசம்வேலி | திங்கள், காலை 7.50

அந்தக் கோபம் எனக்கும் இருக்கிறது தம்பி. ஆனாலும் அடுத்த முறையும் போவேன். கடைசி மட்டும் இருப்பேன்.

சுன்னாகத்தான் | திங்கள், காலை 8.00

வலந்தலை அண்ணை, உங்கள் அப்பா இன்னும் வாசிக்கிறாரா? மருமகன் இதை எல்லாம் வாசித்துவிட்டுக் கேட்கச் சொன்னான்.

வலந்தலை | திங்கள், பகல் 12.15

வருகிற வெள்ளி எங்கள் கோயிலில் பூங்காவனத் திருவிழா. முதலில் தம்பி வாசிப்பான், நீண்ட நேரம் போகும், சனமும் அவனுக்குத்தான் வரும். அப்பா பதினொன்றரைக்குப் பிறகுதான். பல் ஒத்துழைத்தால் தோடி, இல்லாவிட்டால் வீட்டுக்குப் போய்விடுவார், எனக்கே முன்கூட்டித் தெரியாது. இடத்தைத் தனிமடலில் அனுப்புகிறேன். பாய் கொண்டு வாருங்கள், மணல் ஈரமாக இருக்கும்.

கச்சான்கொட்டை | திங்கள், பகல் 12.20

கச்சான் என் பொறுப்பு. தோடி நேரத்தில் யாரும் கோது உடைக்கக் கூடாது.